குழாய்க்கார மாமாவின் ஏழு கோடுகள்

கூடம் நிறைய ஆள் இருந்தும் கேட்டது ஒரே சத்தம்தான். கஞ்சி போட்ட வேட்டியில் என் மாமனாரின் வலது கை உரசுகிற சத்தம். சர சரவென்று அது நிற்கவே இல்லை.

அறை வாசற்படியைத் தாண்டிக் கூடத்தில் கால் வைத்தவர், இரண்டு பாதமும் ஒட்டிக்கொண்ட மாதிரி அங்கேயே நின்றுவிட்டார். எதிரே ஜமுக்காளத்தில் உழவர்கரையிலிருந்து வந்த மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். பெண் பார்க்க வந்தவர்கள். என் நாத்தனார் கௌசல்யா காபித் தட்டோடு தலை குனிந்து நிற்கிறாள். என் வீட்டுக்காரருக்கு நெற்றியில் வேர்வை.

மாமா கீழே பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வை இத்தனை வருஷம் கழித்தும் என்னை விடவில்லை. ஏனென்றால் அவரை அங்கே அப்படி நிறுத்தி வைத்தவளே நான்தான்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். போன வாரம் மாமியார் மருமகள் சண்டைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் மாமனாரைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே, அவரும் அப்படித்தானா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஐயோ, அப்படி இல்லை தாயே. கேளுங்கள்.

இரும்புக் கம்பியும் காதும்

பத்திரிகை ஆசிரியர் வருஷம் போடச் சொல்கிறார். எனக்கு வருஷம் மனசில் நிற்காது, பலகாரம்தான் நிற்கும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கின மறு தை மாதம் நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்தேன். மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் போன வாரம் எழுதின சண்டையெல்லாம் பக்கத்து வீட்டுச் சண்டை. வீட்டில் மாமா, என் வீட்டுக்காரர், நாத்தனார், நான். அவ்வளவுதான்.

மாமா பெயர் துரைக்கண்ணு. ஊருக்குக் குழாய்க்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் தெருத் தெருவாகப் பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தவர். நான் வந்தபோது வேலையை விட்டு ஓய்ந்திருந்தார். ஆனால் வேலை அவரை விடவில்லை. எங்கேயாவது தண்ணீர் குறைந்தால், தண்ணீர் ஆபீஸ் ஆள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

மாமா ஓர் இரும்புக் கம்பி வைத்திருப்பார். அதன் ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக்கொள்வார். கண்ணை மூடுவார். "இங்க இல்ல. இன்னும் பத்தடி கெழக்க தோண்டு" என்பார். தோண்டினால் அங்கேதான் ஒழுகிக்கொண்டிருக்கும்.

அவர் சொல்லுவார்: "கொடி மாறிச்சி, துரைங்க மாறிட்டாங்க. கொழா மட்டும் அதேதாம்மா. மேல யாரு நடந்தா அதுக்கென்னா?"

சிரிக்காத முகம்

நான் வந்த வருஷமே வலது கைக் கட்டை விரலில் ஒரு நடுக்கம் இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது மாத்திரை உருட்டுகிற மாதிரி விரல் ஆடும். "வயசாச்சில்ல" என்று விட்டுவிட்டோம். அப்புறம் கையெழுத்து எறும்பு மாதிரிச் சின்னதாகிப்போனது. குரல் இறங்கியது. நடை குறுகியது.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு நடுக்குவாதம் என்றார். ஏறுமே தவிர இறங்காது, இருக்கிற வரைக்கும் நன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

மாமா கேட்டார்: "ஏன்டா, டாக்டர் இருக்கிற வரைக்கும்னு தான சொன்னாரு? இப்ப இருக்கேன் இல்ல? எழுந்திரு, போற வழியில மசால் வடை வாங்கலாம்."

வடை வாங்கினோம். ஆறு வடை. நாலு அவர் தின்றார்.

அந்த நோய் முகத்தையும் இறுக்கிவிடும். சிரிப்பு உள்ளே இருக்கும், முகத்துக்கு வராது. கேலி பேசும்போதுகூட அவர் முகம் கோர்ட்டில் தீர்ப்புச் சொல்கிறவர் முகம் மாதிரி இருக்கும். அதனாலேயே அவர் கேலிக்கு இரண்டு மடங்கு சிரிப்பு வரும். தெரியாதவர்களோ இந்த ஆள் எதற்கு நம்மை முறைக்கிறார் என்று பயப்படுவார்கள்.

சாயங்காலம் ஆனால் புஷ்புஷ் வண்டியில் ஏறிக் கடற்கரைப் பக்கம் போய்விடுவார். பின்னாலிருந்து ஆள் தள்ளிக்கொண்டு போகிற அந்த வண்டியை இப்போது யார் பார்த்திருப்பார்கள்? அங்கே ஓய்வு பெற்ற சொல்தாக்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம்மவர்கள், மர நிழலில் பெத்தாங்க் ஆடுவார்கள். சின்ன மரக்குண்டை நோக்கி இரும்புப் பந்தை வீசுகிற ஆட்டம். மாமாவுக்கு அதில் பைத்தியம்.

ஒரு நாள் நானும் போய்ப் பார்த்தேன். கை அப்படி ஆடுகிறது, பந்து எங்கே யார் மண்டையில் விழப்போகிறதோ என்று நான் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன். பந்தை எடுத்தார். வீச ஓங்கினார். அந்த ஒரு நொடி நடுக்கம் நின்றது! பந்து போய் மரக்குண்டை உரசிக்கொண்டு உட்கார்ந்தது. கை மறுபடி ஆட ஆரம்பித்தது.

"சும்மா இருந்தாத்தாம்மா இதுக்கு ஆட்டம். வேல குடுத்தா அடங்கிடும்" என்றார்.

அந்தப் பெண் பார்த்த நாளுக்குப் பிறகும் ஐந்தாறு வருஷம் இருந்தார். கடைசி ஒரு வருஷம் படுக்கைதான். அப்போதும் காலையில் குழாயில் தண்ணீர் வருகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இன்னைக்கு வேகம் பத்தல" என்று சொல்லுவார். நான் அதிகம் அழுதது அப்போதுதான். ஆனால் இன்றைக்கு அந்தக் கதை இல்லை.

படிக்கோலம் செய்த வேலை

கைகூடப் பரவாயில்லை. கால்தான் படுத்தியது. நன்றாக நடந்து வருவார், வாசற்படி வந்ததும் நின்றுவிடுவார். தரை காலைப் பிடித்துக்கொள்கிற மாதிரி. தள்ளினால் குப்புற விழுவார். இழுத்தால் திட்டுவார். தெருவாசலைத் தாண்ட ஒரு நாளைக்கு அரை மணி ஆகும்.

ஓர் ஆடி வெள்ளி. நான் வாசலில் படிக்கோலம் போட்டிருந்தேன். பூவும் புள்ளியும் இல்லாமல் நேர் நேராகக் கோடு இழுக்கிற கோலம். மாவு ஈரம் கூடக் காயவில்லை. மாமா படியில் வந்து நிற்கிறார். எனக்கு என்ன கவலை? கோலம்தான் கவலை.

"மாமா, மிதிச்சிடாதீங்க!" என்று கத்தினேன்.

கோலத்தை மிதிக்கக் கூடாது என்று பிறந்ததிலிருந்து பழகின கால் அது. தூக்கினார், முதல் கோட்டைத் தாண்டினார். இரண்டாவது கோடு, மூன்றாவது கோடு. விறுவிறுவென்று தெருவுக்கு வந்துவிட்டார். வந்து திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நான் எப்டி வந்தேன்?"

இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அப்புறம் உள்ளே போய் மறுபடி வந்து பார்த்தார். வந்தது! தரையில் கோடு இருந்தால் கால் வருகிறது. கோடு இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்கிறது. காரணம் டாக்டருக்கும் தெரியவில்லை. கண்டுபிடித்தது நான் என்று ஒரு மாசம் பீற்றிக்கொண்டேன்.

அன்று மத்தியானமே மாமா அளவு நாடாவை எடுத்துவிட்டார். ஒண்ணே கால் அடிக்கு ஒரு கோடு. அவர் அளந்து சொல்ல, தேங்காய் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து நான் இழுத்தேன். கட்டிலிலிருந்து பின்கட்டுக்கு, கிணற்றடிக்கு, வாசலுக்கு. அறை வாசற்படியிலிருந்து கூடத்து நாற்காலி வரைக்கும் ஏழு கோடு. எங்கள் சிவப்புச் சிமெண்டுத் தரை வரிக்குதிரை மாதிரி ஆகிவிட்டது. மாமாவோ ராஜா மாதிரி உலாவினார்.

புளித்தண்ணீர்

அப்போதுதான் கௌசல்யாவுக்கு உழவர்கரை சம்பந்தம் வந்தது. நிலம் நீச்சு உள்ள குடும்பம். பையன் பஞ்சாலையில் ஃபிட்டர். அப்பா இல்லை. அம்மா பெரியநாயகி வைத்ததுதான் சட்டம். பெண்ணின் அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை என்று மட்டும் தரகர் சொல்லி வைத்திருந்தார்.

என் வீட்டுக்காரர் பயந்தார். பரம்பரை நோய் என்று நினைத்துவிட்டால் அந்தப் பெண்ணை எவன் கட்டுவான்? ஏற்கெனவே ஓர் இடம் இதைக் கேள்விப்பட்டே நின்றுபோயிருந்தது. கௌசல்யாவுக்கு இருபத்து மூன்று முடிந்துவிட்டது. அந்தக் காலத்துக்கு அது பெரிய வயசு.

"அப்பா, அன்னைக்கு ஒரு நாளு நீங்க பெத்தாங்க் ஆடப் போயிடுங்களேன்" என்றார்.

மாமா சோற்றிலிருந்து கையை எடுத்தார். "பொண்ணப் பெத்தவன் நானு. நான் என்னாத்துக்குடா ஒளியணும்? திருடிட்டனா?"

"அதில்லப்பா..."

"என் கால்ல நடந்து வருவேன். வணக்கம் சொல்லுவேன். நாற்காலில உக்காருவேன். ஏழு கோடு. அவ்ளோதான்."

அதற்கு மேல் பேச்சு இல்லை. பத்து நாள் காலையும் மாலையும் அந்த ஏழு கோட்டை நடந்து பழகினார். வேட்டிக்குக் கஞ்சி போடச் சொன்னார். கை கூப்புவதைக்கூட ஒத்திகை பார்த்தார்.

வருகிற நாளும் வந்தது. பஜ்ஜி மாவு கரைத்தாகிவிட்டது, கேசரி கிண்டியாகிவிட்டது. மத்தியானம் இடுப்பில் கை வைத்துக் கூடத்தைப் பார்த்தேன். தினம் பார்த்த கோடுதான். அன்றைக்கு மட்டும் கண்ணை உறுத்தியது. சீ, இது என்ன, மாட்டுக் கொட்டகை மாதிரி! அந்த அம்மா உள்ளே நுழைந்ததும் தரையைத்தானே பார்ப்பாள்? மந்திரம் மாயம் வைக்கிற வீடு என்று நினைத்தால்? பைத்தியக்கார வீடு என்று நினைத்தால்?

மாமா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். புளியைக் கரைத்தேன். சுண்ணாம்புக்குப் புளி விடுமா? தேய்த்த தேய்ப்பில் ஏழு கோடும் போய்விட்டன. பளபளவென்று இருந்த தரையில் சிக்குக் கோலம் போட்டேன். வளைத்து வளைத்து, நடுக்கூடம் முழுக்க. வந்தவள் அசந்துபோக வேண்டும் என்று.

மாமாவின் கால்? பத்து நாள் பழகியாகிவிட்டதே, அது பார்த்துக்கொள்ளும் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னேன். போதாததற்கு, கோலமும் கோடுதானே! அவரிடம் சொல்லவில்லை. பின்கட்டு வழியாகவே அறைக்குப் போனதால் அவரும் கூடத்தைப் பார்க்கவில்லை.

"தாண்டுப்பா"

இப்போது முதல் பாராவுக்கு வாருங்கள்.

வளைந்து நெளிந்த கோலத்தில் தாண்ட ஒரு கோடு கிடையாது. கோலம் என்பதால் மிதிக்கவும் கால் துணியவில்லை. நாற்காலிக்கும் அவருக்கும் நடுவில் என் கெட்டிக்காரத்தனம் அத்தனையும் பரந்து கிடந்தது. முகம் இறுகி, கை ஆடி, கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

பெரியநாயகி அம்மாள் அவர் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். தாய்மாமன் அந்த அம்மாள் காதில் ஏதோ முணுமுணுத்தார்.

என் வீட்டுக்காரர் பாய்ந்து போய் மாமாவின் அக்குளில் கை கொடுத்தார்.

"தொடாத" என்றார் மாமா. மெல்லிய குரல்தான். என் வீட்டுக்காரர் கையை எடுத்துவிட்டார்.

அப்போது தட்டைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. கௌசல்யா. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் நிமிரவே கூடாது என்று இருந்த காலம். அவள் நிமிர்ந்தாள். நேராக நடந்து போனாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் வலது பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்காக வைத்தாள்.

"தாண்டுப்பா."

மாமா குனிந்து அந்தப் பாதத்தைப் பார்த்தார். தூக்கினார். தாண்டினார்.

அவள் காலை எடுத்து அடுத்த அடிக்கு முன்னால் வைத்தாள். "தாண்டு." தாண்டினார். ஏழு தடவை. என் சிக்குக் கோலம் இரண்டு பேர் காலிலும் கலைந்துபோனது. கலையட்டும்!

நாற்காலியில் உட்கார்ந்து மாமா கை கூப்பினார். கூப்பின கையும் ஆடியது.

"இது நடுக்குவாதம்மா. மூணு வருசமா இருக்குது. இன்னும் ஏறும்னு டாக்டர் சொல்றாரு. பஜ்ஜி ஆறுது, சாப்புடுங்க."

பெரியநாயகி அம்மாள் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "தப்பா நெனக்காதீங்கண்ணே. பரம்பரையா வருமா இது?"

"எங்கப்பன் எம்பது வயசுல தென்னமரம் ஏறினாரு. எனக்கு ஏன் வந்துச்சின்னு தெரியல. புள்ளைங்களுக்கு வராதுன்னு சத்தியம் பண்ணவும் என்னால முடியாது. தெரியாதத எப்டிம்மா சொல்லுவேன்?"

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

கை நனைக்காத வீடு

சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் சில குடும்பங்களில். பெரியநாயகி அம்மாள் ஒரு வாய்த் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. "கலந்துகினு சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்துவிட்டார். பஜ்ஜி, கேசரி எல்லாம் அப்படியே இருந்தன.

அவர்கள் போனதும் நான் மாமா காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். "நான்தான் மாமா அழிச்சேன். வெக்கமா இருந்துச்சி, அதான்..."

திட்டியிருந்தால் தேவலை. அவர் ஆடுகிற கையை என் தலையில் வைத்தார். "கோலம் நல்லாத்தாம்மா இருந்துச்சி. போ, சுண்ணாம்பு கரச்சி எடுத்தா. எனக்குப் பின்னாடி போவணும்."

அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாக நின்றது. கௌசல்யா மட்டும் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அண்ணி, அந்தக் கேசரியாவது மிச்சம் வச்சிருக்கலாம் நீங்க" என்றாள். அவளும் அப்பாவைக் கொண்டுதான் பிறந்திருந்தாள்.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. தரகர் எங்களைக் கண்டால் அடுத்த தெருவில் திரும்பினார். மாமா பாட்டுக்குச் சாயங்காலம் பெத்தாங்க் ஆடப் போனார். ஆனால் முன்னை மாதிரி ஜெயித்த கதையைச் சொல்லவில்லை. சோற்றில் ஒரு பிடி குறைந்திருந்தது. நோய் கொண்டுபோகாத பசியை நான் கொண்டுபோய்விட்டேன் என்று எனக்குப் பட்டது.

மூன்றாம் வாரம் மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்: "அக்கா மாப்ள வீடு பாக்க வரச் சொல்லிச்சி. பொண்ணோட அப்பா கண்டிப்பா வரணுமாம். அவரு வராம வேற யாரும் வரக் கூடாதாம்."

என்ன அர்த்தம் இதற்கு? சரி என்பதற்கா, சோதித்துப் பார்க்கவா? என் வீட்டுக்காரருக்கும் புரியவில்லை. மாமா வேட்டிக்குக் கஞ்சி போடச் சொன்னார்.

உழவர்கரையில்

ஜட்கா வண்டியில் போனோம். மாமா, என் வீட்டுக்காரர், நான். வழியெல்லாம் என் மடியில் ஒரு பொட்டலம் இருந்தது. கோலமாவு. போன இடத்தில் மானம் போனாலும் பரவாயில்லை, இறங்கினதும் நானே குனிந்து கோடு போட்டுவிடுவேன் என்று முடிவு செய்திருந்தேன்.

வண்டி நின்றது. முதலில் குதித்தவள் நான். பொட்டலத்தைப் பிரிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

சாணம் தெளித்த வாசலில் வண்டி நின்ற இடத்திலிருந்து கோடுகள். நேர் நேராக, குறுக்குக் குறுக்காக. படியில் ஏறி, நடையைத் தாண்டி, கூடத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. உள்ளே ஒரு நாற்காலி. அதன் காலடியில் பெரியநாயகி அம்மாள் மாவுக் கிண்ணத்தோடு குந்தியிருந்தார். கடைசிக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தார்.

முழங்கை வரைக்கும் மாவோடு எழுந்து வந்தார்.

"வாங்கண்ணே. குறுக்க கால வச்சதுக்கே தாண்டனீங்க, கோடு போட்டாலும் தாண்டுவீங்கன்னு தோணிச்சி. அளவுதான் எனக்கு சரியா தெரியல. அன்னைக்கு அந்தப் பொண்ணு கால எவ்ளோ தள்ளித் தள்ளி வச்சான்னு மனசுல வச்சிகினு போட்டேன்."

மாமாவை இறக்கி நிறுத்தினோம். அவர் கோடுகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். குழாய்க்காரர் கண் சும்மா இருக்குமா?

"மூணாவது கோடு கொஞ்சம் எட்டிப் போயிட்டுதும்மா" என்றார், அந்தத் தீர்ப்புச் சொல்லும் முகத்தோடு.

"வேணும்னா அழிச்சிட்டுப் போடட்டுமா?"

"வேணாம். அழிக்க வேணாம்." கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. முகம் மட்டும் அசையவே இல்லை.

என் வீட்டுக்காரர் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார். "அம்மா, அப்ப நீங்க... சம்மதம்தானா?"

"பின்ன என்னாத்துக்குப்பா இடுப்பு ஒடிய மாவு இழுத்துகினு கெடக்கறேன்?" என்றார் அந்த அம்மாள். "நோவு யாருக்கு எப்ப வரும்னு எவன் கண்டான். எங்க வூட்டுக்காரரு நல்லா இருந்த மனுசன், ஒரே நாள்ல போயிட்டாரு. இந்தப் பொண்ணு நாலு பேரு பாக்கறாங்களேன்னு பாக்காம அப்பனுக்குக் கால வச்சா. எனக்கும் வயசாவுது. நாளைக்கு எனக்கு ஒருத்தி வைக்கணும் இல்ல? எல்லாம் என் சுயநலம்தான். வாங்க, கை நனைச்சிட்டுத்தான் போவணும்."

மாமா வலது காலைத் தூக்கினார். கை நடுக்கத்தைப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. முதல் கோடு. இரண்டாவது. எட்டிப் போயிருந்த மூன்றாவதை எட்டியே தாண்டினார்.

என் வீட்டுக்காரர் கூடவே போனார், தொடவில்லை. பெரியநாயகி அம்மாள் முன்னால் போனார். நான் பிரிக்காத பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு கடைசியாக நடந்தேன். ஒரு கோட்டையும் மிதிக்கவில்லை.